உங்களுக்குத் தெரியுமா? ஓல்ட்ஸ்மொபைல் ஏன் மறைந்தது?

1976-ல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற கார், ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ். மறு ஆண்டே இந்த பிராண்டின் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. 1978-ல் வந்த டீசல் எஞ்சின்தான் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நம்பிக்கையில் விழுந்த பெரிய விரிசல். பெட்ரோல் எஞ்சினை ஒட்டி வடிவமைத்ததால், சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் டீசலின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கவில்லை. ஹெட் கேஸ்கெட் போய் எஞ்சினே பாழானது. அதை அவசரப்பட்டுச் சந்தைக்கு விட்டது பெரும் பிழை. பிறகு ஜப்பானியக் கார்கள் ஒருபுறம், தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பிராண்டுகளான பியூக், போன்டியாக் மறுபுறம் என வாடிக்கையாளர்கள் பிரிந்து போனார்கள். 1897-ல் ரான்சம் ஓல்ட்ஸ் தொடங்கிய இந்த பிராண்டின் கடைசிக் காரான அலெரோ, 2004 ஏப்ரல் 29 அன்று மிச்சிகனின் லான்சிங் ஆலையிலிருந்து வெளிவந்தது. 107 ஆண்டுகளில் தயாரானவை 3.5 கோடிக்கும் மேல்.