ஒரு சுவருக்கு மட்டும் ‘பளிச்’ கலரா? கையைக் கடிக்காம இருக்க இதைப் படிங்க!

ஹால் முழுக்க வெள்ளை அல்லது சந்தன கலர், ஒரு சுவருக்கு மட்டும் ‘பளிச்’ கலர். பொங்கலுக்கு இப்படி பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? ஷேடு கார்டை மட்டும் நம்பாதீங்க. மிஷினில் கலந்த பெயிண்டை கடைக்காரர்கள் பொதுவாக திரும்ப வாங்க மாட்டார்கள். காசு போச்சு!

முதலில் 200 மில்லி சாம்பிள் டப்பா வாங்கி, சுவரில் 2 அடிக்கு 2 அடி, 2 கோட் அடியுங்க. காய்ந்ததும் பகலில் ஒரு தடவை, ராத்திரி லைட் போட்டு ஒரு தடவை பாருங்க. மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மங்கும், செங்கல் கலர் தூக்கலாகத் தெரியும்.

சந்தனத்துக்கு செங்கல் கலர், இலைப்பச்சை பொருந்தும். சாம்பலுக்கு கருநீலம், கடுகு மஞ்சள் எடுப்பு. ரூமுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவர்தான் இதுக்கு சரி. அந்த சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதை சரி பண்ணுங்க. இல்லாவிட்டால் எந்த கலரும் உரிந்துவிடும்.