பழைய கைக்குப் புதிய இயந்திரம்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. அங்கே லேத் பிடித்தே குடும்பத்தை வளர்த்தவர் பலர். கணிப்பொறிக் கட்டளைப்படி கடையும் சி.என்.சி. இயந்திரத்தைக் கற்றால் ஊதியம் உயருமா என்பது இன்று அவர்களுடைய கவலை. மாதக்கூலியை இழந்து படிக்க வேண்டியவருக்கு இது சிறிய கேள்வியன்று.

இரும்பைப் பொருத்திப் பொத்தானை அழுத்தச் சில நாட்கள் போதும். அவ்வளவே அறிந்தவருக்குக் கூலியும் அவ்வளவே. ‘டூல்’ என்னும் வெட்டுளியின் நிலையை அளந்து இயந்திரத்துக்கு அறிவித்து, முதற்பொருளைச் சோதித்து, தேய்மானத்துக்கேற்பத் திருத்துகிறவர் ‘செட்டர்’. மதிப்பு அவருக்குத்தான்.

கட்டளைகள் அச்சுறுத்துவன அல்ல. ஜி00 என்றால் விரைந்து செல். ஜி01 என்றால் குறித்த வேகத்தில் நேராக வெட்டு. இவை சில வாரங்களில் வசப்படும். பித்தளைச் சீவல் பொடியாய் உதிர்வதேன், எஃகுச் சீவலில் நீலம் பாய்வதேன் என்பவையோ வாரங்களில் வாரா. அவற்றை லேத்காரர் முன்பே கற்றுவிட்டார்! தம் மகன் வயதுப் பிள்ளைகளோடு அமர அவர் கூசுவது வீண்.

இளைஞருக்கு வேறொரு வழியுண்டு: 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆலையில் பழகலாம். தனியார் பயிற்சிக்குப் பணம் கட்டுவோர், இயந்திரத்தில் தாமே கைவைக்க எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று முதலில் கேட்கட்டும். திரையில் மட்டும் காட்டுவதாகச் சொன்னால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த இடத்தில் விசாரிக்கலாம்.