மீன்தொட்டிக்குத் தானே நீர் ஊட்டும் முறை

வெயிலில் வயல்நீர் வற்ற, உப்பு மண்ணில் தங்குவது கமக்காரர் அறிந்ததே. வீட்டு நன்னீர் மீன்தொட்டியிலும் நீரே ஆவியாகும், உப்பு எஞ்சும். குறைந்த நீரை அவ்வப்போது சிறிது சிறிதாக ஈடுசெய்தல் நன்று.

கொழும்பு, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு வரும் குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனுக்குக் கேடு. ஆகவே மிதவை வால்வைக் குழாயுடன் நேரே பொருத்தலாகாது. தொட்டிக்கு மேலே வாளியொன்றை வைத்து, ஓரிரு நாள் திறந்து வைத்த நீரை அதில் நிரப்புக. வாளியின் அடியிலிருந்து சிறு குழாயால் வால்வை இணைக்க. நீர்மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கி வழிவிடும், உயர்ந்தால் அடைக்கும்.

மிதவை பாசியிற் சிக்கினால் வாளிநீர் முழுவதும் இறங்கிவிடும். 2 அடி நீளமும் 1 அடி அகலமுமுள்ள தொட்டியில் ஓரங்குல வெற்றிடம் ஏறத்தாழ 4½ லீற்றர் கொள்ளும். அத்தொட்டிக்கு வாளியில் 4 லீற்றருக்கு மேல் வேண்டாம். வாரந்தோறும் மிதவையைத் துடைத்துச் சோதித்தல் அவசியம்.

இம்முறை பழைய நீரை மாற்றும் வேலைக்கு ஈடாகாது. மாற்றிய நீரைக் கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்கு வார்க்கலாம்.