பூஞ்சை நோய்க்கு மாத்திரை

தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றும் கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனவை. பெரும்பாலான உயிர்களால் செரிக்க முடியாத இந்தப் புரதத்தையே தின்று வாழும் பூஞ்சைகள் உண்டு. டிரைக்கோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டான் என்ற பேரினங்களைச் சேர்ந்தவை அவை. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டமாகப் பரவி அரிக்கும் படர்தாமரை, குழந்தைகளின் தலையில் திட்டுத்திட்டாக முடியை உதிர்க்கும் படை, கால் நகத்தை மஞ்சளாக்கித் தடிக்க வைக்கும் நகச்சொத்தை ஆகியவை பெரும்பாலும் இவற்றால் வருபவை.

தோலில் ஓரிரு இடங்களில் மட்டும் படை இருந்தால் களிம்பே போதும். உடலெங்கும் பரவினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, முடிக்குள்ளும் நகத்துக்கு அடியிலும் பூஞ்சை புகுந்துவிட்டாலோ மாத்திரை தேவைப்படும். மயிர்க்காலின் ஆழத்துக்குக் களிம்பு இறங்காது என்பதால் தலைப்படைக்கு உள்மருந்துதான் சிகிச்சை. கீட்டோகோனசோல் ஷாம்பு, செலினியம் சல்ஃபைடு ஷாம்பு போன்றவை பிறருக்குத் தொற்று பரவுவதைக் குறைக்கும் துணை மட்டுமே. விழுங்கிய மருந்து இரத்தத்தின் வழியே போய், புதிதாக உருவாகும் கெரட்டினில் படிகிறது. பூஞ்சை ஏற்கெனவே அரித்த பகுதி சீராவதில்லை. அது வளர்ந்து வெளியேற வேண்டும். தோலுக்கு வாரங்களும் நகத்துக்கு மாதங்களும் ஆவது இதனால்தான்.

இப்படி ஒரு மாத்திரை கிடைப்பதற்கு முன் தலைப்படைக்குச் செய்யப்பட்ட வைத்தியம் கொடுமையானது. குழந்தையின் தலையில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி முடி முழுவதையும் உதிரச் செய்வார்கள். நச்சுப் பொருளான தாலியம் அசிட்டேட்டைக் கொடுத்தும் முடியை உதிர்த்தார்கள். 1948-க்குப் பிறகு இஸ்ரேலில் குடியேறிய வட ஆப்பிரிக்க, மேற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் இந்தக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பிற்காலத்தில் அவர்களிடையே மூளையுறைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. 1994-ல் அவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

மாற்று மருந்து அந்தப் பிள்ளைகள் கதிர்வீச்சுக்கு ஆளாவதற்கு முன்பே கண்டெடுக்கப்பட்டிருந்தது. 1939-ல் லண்டனில் ரெய்ஸ்ட்ரிக் என்பவரின் ஆய்வுக் குழு ஒரு பெனிசீலியப் பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபுல்வினைப் பிரித்தெடுத்தது. அது மற்றப் பூஞ்சைகளின் இழைகளைச் சுருட்டிவிடும் என்பது பிறகு தெரியவந்து, பயிர் நோய்களுக்குப் பயன்படுமா என்று பார்த்தார்கள். மனித நோய்க்கான வழி திறந்தது 1958-ல்தான். வாய்வழி கொடுத்த கிரிசியோஃபுல்வின் கினிப்பன்றிகளின் படையைக் குணமாக்குவதை ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டு காட்டினார். இன்றும், பூனைக்குட்டி, நாய்க்குட்டிகளிடமிருந்து தொற்றும் மைக்ரோஸ்போரம் வகைத் தலைப்படைக்கு இது நல்ல மருந்து. பூஞ்சையைக் கொல்லாமல் அது பெருகுவதை மட்டும் தடுப்பதால் ஆறு முதல் எட்டு வாரம் தர வேண்டியிருக்கும். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் நன்றாக உடலில் சேரும். பால், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வது அதற்காக. வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதி வீண்.

இப்போது அதிகம் எழுதப்படுபவை டெர்பினாஃபினும் இட்ராகோனசோலும். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் வேண்டும்; அது உருவாகும் பாதையை இரண்டும் வெவ்வேறு இடத்தில் அடைக்கின்றன. நகச்சொத்தைக்கு டெர்பினாஃபின் நாளுக்கு 250 மில்லிகிராம் வீதம், கைநகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் என்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. சிலருக்கு நாக்கில் சுவை போய்விடும். மருந்தை நிறுத்தியபின் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாலும் மாதக்கணக்கில் ஆகலாம். அரிதாகக் கல்லீரல் கெடும். சில மனச்சோர்வு மருந்துகளும் மெட்டோப்ரோலால் என்ற இரத்த அழுத்த மருந்தும் உடலிலிருந்து வெளியேறுவதை இது தாமதப்படுத்தும். தேமலுக்கு இந்த மாத்திரை உதவாது. தேமலை உண்டாக்குவது வேறொரு பூஞ்சை. அதற்குக் களிம்பும் ஷாம்புமே பெரும்பாலும் போதும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவது இட்ராகோனசோலுக்கு. இதன் கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் போடுபவருக்கு இந்த மருந்து சரியாகச் சேராது. அப்படிப்பட்டவர்களுக்குப் புளிப்பான கோலா பானத்தோடு கொடுத்தால் உட்கிரகிப்பு கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.  சாப்பாடு முடிந்த கையோடு கேப்ஸ்யூலை விழுங்குவது பொது விதி. இதயத்தின் இரத்தம் இறைக்கும் திறன் குறைந்தவர்களுக்கு நகச்சொத்தைக்காக இதைத் தரக்கூடாது, ஏனெனில் இதயச் செயலிழப்பு மோசமாகலாம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினுடன் சேர்ந்தால் தசைகள் சிதையும் அபாயம் உண்டு. நகத்துக்கு மாதத்தில் ஒரு வாரம் மட்டும் கொடுத்து மூன்று வாரம் இடைவெளி விடும் முறையும் உண்டு. நகத்தில் படிந்த மருந்து நீண்ட காலம் அங்கேயே தங்குவதால் அது பலிக்கிறது. ஃப்ளுகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரை வாரம் ஒரு முறை போடப்படுவது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடும் மோதக்கூடியது என்பதை அதை எழுதுபவரும் போடுபவரும் நினைவில் வைக்க வேண்டும்.

வாய்வழிக் கீட்டோகோனசோலைத் தோல், நகத் தொற்றுக்கு இப்போது விலக்கிவிட்டார்கள். கல்லீரல் கெட்டு உயிரிழப்பு வரை போனதால் 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை அதை விலக்கிக்கொள்ளப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவும் கடும் கட்டுப்பாடு விதித்தது. ஷாம்பும் களிம்பும் இதில் சேராது.

இந்தியாவில் பிரச்சினை வேறு வகையானது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக, மாத்திரைக்கும் அசையாத படர்தாமரை இங்கே பெருகியிருக்கிறது. டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-ல் பெயரிடப்பட்ட பூஞ்சைதான் பெரிய காரணம். டெர்பினாஃபின் தாக்க வேண்டிய நொதியே இதில் பல நேரம் உருமாறியிருக்கும். இது நாடு தாண்டிப் பரவி, 2023-ல் நியூயார்க்கிலும் அறிவிக்கப்பட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் நிலைமையை மோசமாக்குகின்றன. இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். பூஞ்சையோ எதிர்ப்பின்றிப் பரவும். வட்டத்தின் வடிவம் சிதைந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். பிறகு பத்து மாத்திரை வாங்கி, அரிப்பு நின்றதும் நிறுத்தி, மறுபடி அதையே வாங்கும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே மாத்திரைக்கு முன் நோய் இன்னதென்று உறுதிசெய்வது முக்கியம். தடித்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருகின்றன. மற்றவை காளாஞ்சகப்படை, அடிபட்டது, இறுக்கமான செருப்பு எனப் பலவற்றால். நகத் துணுக்கையோ தோல் செதிலையோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். எளிய, மலிவான சோதனை இது. 2001-ல் டெர்பினாஃபினும் இட்ராகோனசோலும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தபோது, நகத்துக்கு மருந்து எழுதுமுன் இத்தகைய சோதனையைச் செய்யச் சொன்னது.

சிகிச்சைக்கு முன் கல்லீரல் நொதிகளுக்கான இரத்தப் பரிசோதனை வழக்கம். நீண்ட சிகிச்சையில் இடையிலும் செய்வார்கள். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்துபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பசி அற்றுப்போதல், விடாத குமட்டல், சிறுநீர் அடர் நிறமாதல், கண் மஞ்சளாதல், உடலில் தடிப்பு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் படைக்காகவும் நகச்சொத்தைக்காகவும் பொதுவாக இந்த மாத்திரைகள் தரப்படுவதில்லை. கிரிசியோஃபுல்வின் போடும் ஆண்கள், முடித்த பின்னும் ஆறு மாதம் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட வேண்டும். அது கருத்தடை மாத்திரைகளின் வேலையையும் குறைக்கக்கூடியது.

கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வரைதான் வளரும். முழுவதும் புதிதாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகலாம். பன்னிரண்டு வார மருந்து முடியும்போது நகம் அசிங்கமாகவே இருந்தாலும் மருந்து தோற்றதாகாது. அடியிலிருந்து தெளிவான நகம் ஏறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில மாதங்களுக்குப் பின்னும் அப்படி வராவிட்டால், அதே மாத்திரையைத் தொடராமல் துணுக்கை மீண்டும் சோதனைக்கு அனுப்புவதே முறை.