நாசகாரிக் கப்பல் ‘சாமரெஸ்’

கெடாவில் செமிலிங் வட்டாரத்தைக் கடந்து மெர்போக் ஆறு கடல் சேர்கிறது. அதற்கப்பால் விரிந்துள்ள மலாக்கா நீரிணையில், பினாங்குக்குத் தென்மேற்கே, 1945 மே 16ஆம் நாள் பின்னிரவில் ஒரு கடற்போர் நிகழ்ந்தது. அதில் தலைமை தாங்கிய கப்பலே பிரிட்டிஷ் நாசகாரி ‘சாமரெஸ்’.

பெருங்கப்பல்களை விரைந்து நெருங்கி, டார்ப்பிடோவை ஏவி மீள்வது நாசகாரியின் தொழில். 1943இல் பணியேற்ற சாமரெஸ், அவ்வாண்டு டிசம்பர் 26இல் நார்வேக்கு வடக்கே ‘ஷார்ன்ஹோர்ஸ்ட்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை வீழ்த்திய படையில் இருந்தது. அங்கே அதன் மாலுமிகள் 11 பேர் மாண்டனர்.

பின்னர் அது கீழ்த்திசைக்கு வந்தது. ஜப்பானியரின் ‘ஹகுரோ’ என்ற குரூசர், அந்தமானிலிருந்த படைக்குப் பொருள் கொண்டு செல்லப் புறப்பட்டது. திருகோணமலையிலிருந்து வந்த ஐந்து நாசகாரிகள் இருளில் அதனைப் பல புறமும் வளைத்தன. ஹகுரோவின் பீரங்கிகள் எட்டு அங்குலம்; சாமரெஸினுடையவை 4.7 அங்குலமே. கொதிகலன் அறையில் குண்டு பாய்ந்து இருவர் இறந்தும், சாமரெஸ் தன் டார்ப்பிடோக்களை ஏவியது. ஹகுரோ 900க்கு மேற்பட்டோருடன் மூழ்கியது.

பெரும் பீரங்கிகளுக்குத் தப்பிய கப்பலுக்கு அமைதிக் காலத்தில்தான் முடிவு வந்தது. 1946 அக்டோபர் 22இல், அல்பேனியாவை ஒட்டிய கோர்பு கால்வாயில் கண்ணிவெடிகள் சாமரெஸையும் ‘வோலேஜ்’ என்ற துணைக்கப்பலையும் தாக்கின; 44 பேர் உயிரிழந்தனர். சாமரெஸ் பழுதுபார்க்க இயலாதெனக் கைவிடப்பட்டது.

வழக்கு சர்வதேச நீதிமன்றம் சென்றது. தன் எல்லைக்குள் பிறருக்குத் தீங்கு காத்திருப்பதை அறிந்த நாடு எச்சரிக்கத் தவறலாகாது என்று 1949இல் தீர்ப்பாயிற்று. கப்பல் உடைக்கப்பட்டுவிட்டது; அதனால் பிறந்த நெறி உலகச் சட்டத்தில் நிலைத்துவிட்டது.