காப்பித் தோட்டத்தின் நிழல் மரங்கள்

சேர்வராயன் மலைமீது ஏற்காட்டு ஏரியினின்றும் வழியும் உபரிநீர் ஓடையாய்ச் சென்று, கிளியூரில் சுமார் 300 அடி ஆழத்திற்கு அருவியாக வீழ்கின்றது. இந்நீர்வழியைச் சூழ்ந்த சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பல உள. அத்தோட்டங்களில் எவ்வகை மரங்கள் நிற்கின்றன என்பது மண்ணுக்கும், பறவைகளுக்கும், தோட்டக்காரரின் வரும்படிக்கும் சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

இம்மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். அப்போது சேலம் ஜில்லா கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் துரை அதனைப் பயிரிடச் செய்தார். பிற்பாடு 1860-களில், குடகு முதலிய சீமைகளில் காட்டை மொட்டையாக வெட்டி வெயிலில் வளர்த்த காப்பி, வெள்ளைத் தண்டு துளைப்பானால் பெருஞ்சேதமடைந்தது. சென்னை அரசாங்கத்தார் டாக்டர் ஜார்ஜ் பிடி என்பவரைக் கொண்டு இதனை ஆராய்வித்தனர். அவரது அறிக்கை 1869-இல் வெளிவந்தது. நிழல் வேண்டுமென்பதே அன்று கற்ற பாடம். இவ்வண்டு வெயில் படும் தண்டையே விரும்பிப் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து செடியைக் கொல்லும். நிழல் குறைந்த தோட்டத்திற்குப் பூச்சியை நாமே விருந்துக்கு அழைக்கின்றோம் என்றே கொள்ளலாம்.

பலா, அத்தி, ஆல், சந்தனவேம்பு முதலான நாட்டு மரங்களை நீக்கிவிட்டு, ஆஸ்திரேலியாவினின்றும் வந்த சில்வர் ஓக்கை மட்டும் நடும் வழக்கம் மலைத் தோட்டங்களிற் பரவியுள்ளது. அம்மரத்தைப் பழிப்பதற்கில்லை. நேராக விரைந்து வளர்கின்றது, மிளகுக்கொடி ஏற உதவுகின்றது, விலையும் போகின்றது. ஆயினும் அதன் தழை எளிதில் மட்குவதில்லை, நிழலும் மெலிது, பறவை தின்னும் பழம் ஒன்றும் அதிலில்லை. தோட்டம் முழுதும் அதுவொன்றே நிற்பதுதான் தீங்கு.

அத்தி, ஆல் இனங்கள் எல்லாம் ஒரே பருவத்திற் பழுப்பதில்லை. வேறு பழங்கள் அகப்படாத மாதங்களிலும் ஏதேனுமொன்று பழுத்திருக்குமாதலின், குக்குறுவானும் வௌவாலும் மரநாயும் அதனை நம்பியிருக்கின்றன. பழம் நாடி வரும் பறவைகளிற் பல புழு பூச்சிகளையும் பொறுக்கித் தின்பவை. தேனீக்களின் கதையும் இதுவே. கோடை மழைக்குப்பின் காப்பி பூத்திருப்பது இரண்டு மூன்று நாட்களே. அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியதாயினும், தேனீ வந்த இடத்தில் காய்ப்பு கூடுகின்றது. அச்சில நாட்களுக்கு அவை வேண்டுமாயின், ஆண்டின் மற்ற நாட்களெல்லாம் அவற்றிற்குத் தேன் கொடுக்க வேறு மரம் வேண்டாமா?

ஆதலின் நிற்கும் நாட்டு மரங்களை வேரோடு அகற்றாது, பருவமழைக்கு முன் கிளைகளை அளவாகக் கழித்து நிழலை ஒழுங்கு செய்தலே தக்கது. இடைவெளி விழுந்த இடத்தில் முள்முருங்கையை உடனடி நிழலாகவும், பலா, அத்திக் கன்றுகளை நிலையான நிழலாகவும் நடலாம்; சில்வர் ஓக் இவற்றிடையே கலந்திருக்கட்டும். ஓடைக்கரையிலுள்ள மரங்களைத் தொடவே கூடாது. கரை அரிந்தால் மேல்மண் ஓடையோடு போய்விடும். அதனை எவரும் திரும்பக் கொணர இயலாது. பூக்கும் நாட்களில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்கவேண்டும்.

தண்டு துளைப்பான் வண்டு பறக்கும் காலங்கள் ஏப்ரல்-மே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆகும். அவற்றிற்கு முன்னரே தாக்குண்ட செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்தல் அவசியம். மற்றச் செடிகளின் முதல் தண்டில் தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரினால் தேய்த்து நீக்கி, 200 லிட்டர் நீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்த பாலைப் பூசலாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை: அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதிகளில் அனுமதியின்றி மரம் வெட்டுதல் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. பட்டா நிலத்து மரம் தம் விருப்பம் என்று எண்ணும் உடைமைக்காரருக்கு, கோடரி விழுமுன்பே இதனைத் தெரிவித்தல் நலம்.