மலையேறத் தகுதி எது?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஊர்ப் பொறுப்பை ஏற்க விரும்புவோர்க்கு இன்னின்ன தகுதி வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே வரையறுத்த ஊர் இது. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதன்படி பார்த்தால் நம் வகுப்பில் ஒருவரும் தேறமாட்டோம்! ஆயினும் அக்கல்வெட்டு கூறும் கருத்து நமக்கும் உரியதே. பிறர் நலம் நம் கையில் இருக்கும்போது ஆர்வம் மட்டும் போதாது, தகுதியும் வேண்டும்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைகளில் நடந்துவரும் ஆசை இன்று மாணவரிடையே பெருகியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் 2018 மார்ச் 11ஆம் நாளை நாம் மறக்கலாகாது. அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் நம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள். மாண்டவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அந்தத் துயரத்திலிருந்து நாம் எதையும் கற்காவிட்டால் அது நம் குறையாகும்.

தீயின் போக்கு

எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சுடர் மேலேறி, எரியாத பகுதியைச் சூடாக்கி, விரைவில் விரலைச் சுடும். மலைச்சரிவில் காய்ந்த புல் பற்றும்போதும் இதுவே நிகழ்கிறது. வெப்பக்காற்று மேலெழுந்து மேலுள்ள புல்லை உலர்த்துவதால் தீ சரிவில் மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். ஆகவே கீழே தீ கண்டு உச்சியை நோக்கி ஓடுவது பேராபத்து. குறுகிய மலையிடுக்கிலும் இறங்கலாகாது. அது புகைபோக்கி போலாகிவிடும். புல்லில்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடம் ஆகியவற்றைப் பக்கவாட்டில் நகர்ந்து அடைய வேண்டும். உடலில் உருகி ஒட்டும் செயற்கை இழைத் துணியைவிடப் பருத்தி ஆடை நல்லது. எல்லாவற்றிலும் மேலானது, காடு காய்ந்து கிடக்கும் கோடைத் தொடக்கத்தில் போகாமலிருப்பதே.

நேரமும் சுமையும்

எவ்வளவு நேரமாகும் என்று அறியாமல் புறப்படுவோரை இருட்டு வழிமறிக்கும். ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியான நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. 10 கிலோமீட்டர் தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு மூன்று மணி ஆகும். சுமையுடன் செல்லும் புதியவர்கள் இன்னும் பாதி சேர்த்து நாலரை மணி என்று கொள்வதே அறிவுடைமை. திரும்பும் நேரத்தையும் புறப்படுமுன்பே குறித்துவிட வேண்டும். அந்நேரம் வந்ததும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

சுமை உடல் எடையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம். கனமான பொருளை முதுகையொட்டி வைக்க வேண்டும். ஈர்ப்பு மையம் பின்னே விலகினால் உடல் முன்னே வளையும், இடுப்பு வலிக்கும். தலையில் விறகுக் கட்டைச் சுமந்து வரப்பில் தள்ளாடாமல் நடந்த நம் பாட்டிமார்கள் இந்தப் பாடத்தை ஏட்டில் படித்தவர்கள் அல்லர். சுமை முதுகெலும்பின் நேர்க்கோட்டில் இறங்க வேண்டும் என்பதை அவர்கள் உடல் அறிந்திருந்தது.

பாம்பு கடித்தால் கீறுவதும், இறுகக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் தவறு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். அம்மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவோருள் முதன்மையானவர்கள், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் என்பது நமக்குப் பெருமை.

பொறுப்பு

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். குரங்கணித் துயரத்திற்குப் பின் 2018இலேயே தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பழங்குடியினர் உள்ளிட்ட பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன்வருகின்றனர். காட்டை அறிந்தவர் சொல்லைக் கேட்பது கோழைத்தனமன்று.

எங்கே போகிறோம், யாருடன் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுச் செல்வது முதற்கடமை. நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாம் திரும்பி வருவதை எண்ணி விளக்கேற்றி வைத்துக் காத்திருப்போர் உண்டு. கொண்டுசென்ற பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவருவதும், காட்டில் நெருப்பு மூட்டாதிருப்பதும், கூட்டத்தில் மெல்ல நடப்பவரின் வேகத்துக்கே எல்லோரும் நடப்பதும் அடுத்த கடமைகள்.

இவற்றைப் பழக இமயத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் பெரிய ஏரிக்கரை இருக்கிறது. பையில் ஐந்து கிலோ மணலை நிரப்பிக்கொண்டு, விடியற்காலையில் நண்பர்களோடு கரைமீது நடந்து, நேரத்தைக் குறித்துப் பழகலாம். எவ்வளவு தண்ணீர் தேவைப்படுகிறது, எந்தச் செருப்பு கடிக்கிறது, யார் முதலில் களைக்கிறார் என்பதெல்லாம் ஒரே மாதத்தில் விளங்கிவிடும்.

முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார் என்கிறது நம் ஊர்க் கல்வெட்டு. மலையும் நம்மிடம் கணக்குக் கேட்கும். சென்றவர் எத்தனை பேரோ அத்தனை பேரும் திரும்பினர் என்பதே நாம் காட்ட வேண்டிய கணக்கு. அதைக் காட்ட வல்லவரே மலையேறத் தகுதியுடையவர்.